வண்டியைச் சாய்த்த வியாழக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நம்பி ஏமாற வேண்டாம். என் அக்கா வீட்டுக்காரரின் கழுத்தை ஒடித்தவன் நான்தான். சண்டையில் இல்லை, விளையாட்டில். எதிரணியில் நின்றும் இல்லை. ஒரே அணி, ஒரே நிறச் சட்டை, சாயங்காலப் பயிற்சி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இப்போது முப்பத்தெட்டு. ஆனால் நான் சொல்ல வந்தது அத்தானின் கதை. என் கதை அதில் நடுவில் புகுந்து நாசம் செய்கிற கதை.

அத்தான் அப்போது பஸ் பணிமனையில் மெக்கானிக், கியர்பாக்ஸ் பிரிவு. நான் டயர் பிரிவு. பணிமனைக்கு ஒரு ரக்பி அணி உண்டு, கீழ்ப் பிரிவில் ஆடுகிற அணி. டிரைவர், கண்டக்டர், பஸ் கழுவுகிறவர்கள் என்று கலவையான கூட்டம். ஓடச் சொன்னால் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும். தள்ளச் சொன்னால் மட்டும் எவனாலும் எங்களை நிறுத்த முடியாது. ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸைத் தள்ளித் தள்ளிப் பழகிய தோள்கள்.

தள்ளுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்தோடு வருகிறவனை எதிரி ஒருவன் நின்ற நிலையிலேயே பிடித்துக்கொள்கிறான். உடனே நம் ஆள் ஒருவன் வந்து பந்துக்காரனைக் கட்டிக்கொள்கிறான், அவனுக்குப் பின்னால் இன்னொருவன், இன்னொருவன். பந்து கை மாறிக் கை மாறிக் கடைசி ஆளிடம் போய்விடும். மற்ற அத்தனை பேரும் ஒரே உடம்பாக எதிரியின் கோட்டை நோக்கித் தள்ளுவார்கள். யாரும் கீழே விழக்கூடாது, யாரும் அதை இழுத்து விழ வைக்கவும் கூடாது. சட்டப் புத்தகத்தில் அதற்கு மால் என்று பெயர். எங்களுக்கு அது வண்டி. "வண்டி கட்டு" என்று ஒரு குரல் வந்தால் எட்டுப் பேரும் வந்து சேர்ந்துவிடுவோம்.

அத்தான் வண்டியின் முன்வரிசை. வெளியே வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். வண்டிக்குள் ஒருமுறை பிடித்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. அதனால் தாழ்ப்பாள் என்று பேர் வைத்தோம். கோபம் வந்தால் அக்காகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

சட்டம் போடுகிற பெரியவர்களுக்கு மட்டும் வண்டி என்றாலே கண்ணில் விழுந்த தூசி. எட்டுப் பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர்வதை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்பது அவர்கள் கவலை. வருடத்துக்கு ஒருமுறை அதில் கை வைப்பார்கள். வண்டி இரண்டு முறை நின்று மறுபடி கிளம்பலாம் என்று இருந்ததை ஒரே முறைதான் என்றார்கள். அத்தான் ஒரு வாரம் யோசித்தார். நேராகப் போனால்தானே நிறுத்துவான், இடது பக்கம் சாய்கிற மாதிரி போக்குக் காட்டுவோம், அவன் ஆட்கள் அங்கே குவிந்ததும் வலது பக்கம் திருப்புவோம் என்றார். திருப்பினோம், ஜெயித்தோம். பந்தைப் பிடித்தவன் வண்டியோரமாகப் பின்னால் வழுக்கிப் போகக்கூடாது, கையோடு கைதான் கொடுக்க வேண்டும் என்று அடுத்த வருடம் ஒரு சட்டம். அதற்கும் கேண்டீன் மேசையில் டம்ளர்களை வரிசையாக வைத்து எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்று சொல்லிக் கொடுத்தார். சட்டத்தைத் திட்டவே மாட்டார். திட்டுவது என் வேலை.

பிறகு வந்தது அந்தச் சட்டம். வண்டியை இனி சாய்க்கலாம். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் பிடித்து, எதிரி அதைத் தரையோடு தரையாக இழுத்துப் போடலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனை, மேல் பிரிவு கீழ்ப் பிரிவு எல்லாவற்றுக்கும். மேல் பிரிவு ஆட்களுக்கு மைதானத்து ஓரத்தில் டாக்டர் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பஞ்சும். ஒரே சோதனை, ஒரே எலும்பு. எங்கள் எலும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் பயிற்சியாளர் பணிமனையின் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டில் குறிக்கிற ஆள், எதிலும் மற்றவனை முந்திவிட வேண்டும் அவருக்கு. சட்டம் அமலுக்கு வருவது சனிக்கிழமை. அவர் வியாழக்கிழமை சாயங்காலமே எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சனிக்கிழமைதான் மத்தவன் யோசிக்க ஆரம்பிப்பான். நாம இன்னைக்கே கத்துக்குவோம்" என்றார்.

வண்டி இறுகுவதற்கு முன்னால், எகிறிப் பந்தைப் பிடித்தவன் கால் தரையில் பட்ட அந்த நொடியிலேயே சின்ன ஆள் ஒருவன் அடியில் நுழைந்து, முன்வரிசைக்காரன் இடுப்பைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் அவர் யோசனை. சின்ன ஆள் நான். முன்வரிசைக்காரர் அத்தான். முதல் இரண்டு முறை மெதுவாகச் செய்தோம், எல்லாரும் சிரித்துக்கொண்டே விழுந்தோம். மூன்றாவது முறை வேகமாக என்றார். நுழைந்தேன், பிடித்தேன், உட்கார்ந்தேன். அத்தானின் தலை தரையைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டது. பின்னால் இருந்த ஏழு பேரின் கனமும் அந்தக் கழுத்துமேல் இறங்கியது. அவர் கத்தவில்லை. "மாப்ளே, எனக்குக் கை எங்கன்னு தெரியல" என்றார். அதைச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் சாவி எங்கே என்று கேட்கிற மாதிரி.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் டைம்கீப்பர் ஒரு தாளோடு வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், தோளில் கை போட்டார்.

"நேத்துத் தேதிக்கு வண்டியைச் சாய்ச்சது குத்தம். உண்மையை எழுதினா உனக்குத் தடை, அணிக்குத் தடை. உங்க அத்தானுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வாங்கித் தரணும், அதுவும் என்னால முடியாமப் போயிடும். ஈரத் தரைன்னு எழுதினா யாருக்கும் நஷ்டமில்ல."

தாளில் ஏற்கனவே எழுதியிருந்தது. ஈரத் தரையில் தானாகக் கால் வழுக்கி விழுந்தார் என்று. நேரில் கண்டவர் என்ற இடம் மட்டும் காலி. மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது, மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். உள்ளே அக்கா ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இழுத்துத்தான் விழுந்தார் என்பது அவளுக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். டைம்கீப்பர் சொல்லித்தானே செய்தாய் என்று இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தாளைப் பற்றி மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

கழுத்தெலும்பு சேர்ந்தது, நரம்பு சேரவில்லை. இடது கை தோளுக்கு மேல் போகாது, விரல்கள் எதையும் பிடிக்காது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்புவார். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற கைக்குப் பணிமனை ஒரு வேலை கொடுத்தது, பஸ்ஸில் தொலைந்த பொருட்களுக்கான கவுன்டர். ஒற்றைக் கையுறை, குடை, யாரோ ஒருவரின் பல்செட். எது வந்தாலும் தேதி, பஸ் எண், எந்த இருக்கை, யார் எடுத்துக் கொடுத்தது எல்லாவற்றையும் பெரிய நோட்டில் எழுத வேண்டும். அத்தான் ஒன்று விடாமல் எழுதுவார். ஒற்றைச் செருப்புக்கு ஒரு முழு வரி.

அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விடிகாலை வேலை. அதனால் அத்தானுக்குச் சட்டை மாட்டிவிடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தெருதான். தினமும் ஆறு மணிக்குப் போவேன். பணிமனைச் சட்டையில் ஏழு பட்டன். முன்னால் ஐந்து, மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு. மற்றதை எப்படியாவது ஒற்றைக் கையால் சமாளித்துவிடலாம். வலது மணிக்கட்டுப் பட்டனுக்கு மட்டும் இடது கைதான் வேண்டும். ஏழையும் நானே போட்டுவிடுவேன். பதினாறு வருடம். அதை நான் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை சுலபமான பிராயச்சித்தம்.

அந்தச் சட்டத்தை ஒரே பருவத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மேல் பிரிவில் மூன்று பேருக்கு அடி. பத்திரிகையில் வந்தது, கூட்டம் போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள். அறிக்கையின் கடைசியில் ஒரு வரி: கீழ்ப் பிரிவுகளில் கடுமையான காயம், பூஜ்யம்.

அத்தான் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். மறுநாள் வலது கையால் ரக்பி சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. அன்றைய தேதியில் அந்தச் சட்டம் அமலில் இல்லை, மேலும் கிளப் அறிக்கையின்படி தரை ஈரமாக இருந்ததால் வழுக்கி விழுந்தீர்கள், குணமடைய வாழ்த்துகள். பதினொரு கடிதம் எழுதினார், பதினொரு முறையும் அதே பதில், அதே வாழ்த்துகள். அந்த வாழ்த்துகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். ஈரத் தரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது டைம்கீப்பர் என்றுதான் அத்தான் நம்பினார். பழைய ஆட்களைத் தேடிப் போனார். ஒருவர் ஊரைவிட்டே போயிருந்தார், ஒருவர் செத்துப்போயிருந்தார், மற்றவர்கள் தலை குனிந்திருந்தது, பார்க்கவில்லை என்றார்கள். ஒருநாள் பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடமும் கேட்டார், நீயே ஒரு கடிதம் எழுதிக் கொடேன் மாப்ளே என்று. நான் உங்கள் மச்சினன், என் பேச்சு அங்கே எடுபடாது என்று சொன்னேன். அவர் அதை நம்பினார். நான் சொன்னால் நம்புகிற ஆள்.

அக்கா மகள் வளர்ந்து ஏணி மாதிரி நின்றாள். அவளுக்கு ஏணி என்றே பேராகிவிட்டது. பதினேழு வயதில் பணிமனைப் பெண்கள் அணியில் சேர்ந்துவிட்டாள். அக்கா வேண்டாம் என்றாள். அத்தான்தான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், அணிக்கு மேனேஜராகவும் ஆனார். வண்டி கட்டச் சொல்லிக் கொடுத்தார். அவளும் அப்பாவைப் போலவே முன்வரிசை.

போன மாதம் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆட்டம் விறுவிறுப்பாக இல்லை என்பதால் வண்டியைச் சாய்க்கும் சட்டத்தை மறுபடி கொண்டுவரப் போகிறார்கள். இந்த முறை கீழ்ப் பிரிவுகளிலும் பெண்கள் அணிகளிலும் மட்டும். காரணம் கீழே கொட்டை எழுத்தில்: முந்தைய சோதனையில் இப்பிரிவுகளில் கடுமையான காயம் பூஜ்யம். கையெழுத்து, சங்கத்தின் துணைத் தலைவர். எங்கள் டைம்கீப்பர்தான். பதினாறு வருடத்தில் அவர் எங்கேயோ போய்விட்டார், எப்போதும் முந்துகிற ஆள் அல்லவா.

அப்பனின் கழுத்தைப் பூஜ்யம் என்று எழுதி, அந்தப் பூஜ்யத்தைக் காட்டி மகளின் கழுத்தைக் கேட்கிறார்கள். அத்தான் சுற்றறிக்கையை மடித்துப் பையில் வைத்தார். சனிக்கிழமை கிளப்புகளின் கூட்டம், நமக்கும் ஓர் ஓட்டு இருக்கிறது, நான் போய்ப் பேசுகிறேன் என்றார். நீயும் வா என்றார். மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். இருபத்து மூன்று கிளப், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் ஒரு மேசை. நான் அத்தானுக்கு இடப்பக்கம், ஏணி வலப்பக்கம். டைம்கீப்பர் அறிக்கையை வாசித்தார். பூஜ்யம் வந்ததும் அத்தான் எழுந்து, முழு உடம்போடு அவர் பக்கம் திரும்பி, அந்தப் பூஜ்யம் பொய், அது ஒன்று, அந்த ஒன்று நான் என்றார்.

டைம்கீப்பர் தேன் தடவிப் பேசினார். "நம்ம தாழ்ப்பாளுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா அது ஈரத் தரை. கிளப்பே எழுதிக் கொடுத்திருக்கு."

"எழுதினது நீங்க. அந்தப் பேப்பரை ஒருதரமாவது கண்ணுல காட்டுங்க" என்றார் அத்தான்.

சங்கத்தின் செயலாளர் ஒரு கண்ணாடிக்காரப் பெண்மணி, புதிதாக வந்தவர். கேட்பது நியாயம்தானே என்று சொல்லி, பீரோவிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பைலைப் புரட்டினார். டைம்கீப்பர் அவசரமாக ஏதோ சொன்னார், அந்த அம்மா காதில் வாங்கவில்லை. தாளை எடுத்தார், படித்தார், கீழே இருந்த பேரைப் பார்த்தார், மேடையிலிருந்து இறங்கி அத்தானை நோக்கி நடந்து வந்தார்.

உண்மைக்காக எழுந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. அந்தத் தாள் எப்படியும் அவர் கைக்கு வரப்போகிறது என்பதால் எழுந்தேன். பத்தடி தூரம் பாக்கி.

"அது என் கையெழுத்து" என்றேன். "தரை காய்ஞ்சிருந்தது. இருபது நாளா மழை இல்ல. நான்தான் இடுப்பைப் பிடிச்சு உட்கார்ந்தேன். சனிக்கிழமை வர்ற சட்டத்துக்கு வியாழக்கிழமையே பயிற்சி. சொல்லிக் கொடுத்தவர் மேடையில உட்கார்ந்திருக்கார்."

பதினாறு வருடமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று டைம்கீப்பர் கேட்டார். அந்த மனிதர் வாழ்நாளில் கேட்ட ஒரே நியாயமான கேள்வி. ஏணி என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அத்தான் தாளை வாங்கி முழுவதும் படித்தார். எனக்கு வலது பக்கம் அவர் முகம், ஆனால் அவர் திரும்பவில்லை. திரும்புவது அவருக்குக் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு மளமளவென்று நடந்தது. சோதனைச் சட்டத்துக்காகச் செய்த பயிற்சியில் பட்ட அடி அந்தச் சோதனையின் கணக்கில்தான் வரும் என்று ஒரு பெண் நடுவர் எழுந்து சொன்னார். ஓட்டெடுத்தார்கள். சட்டம் வேண்டாம் என்று பதினான்கு, வேண்டும் என்று ஒன்பது. கழுத்து ஒடிந்த மனிதரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒன்பது கை உயர்ந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். செயலாளர் பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று எழுதினார். அத்தான் பக்கத்தில் நின்று, வியாழக்கிழமைத் தேதியையும் சேர்த்து எழுதச் சொன்னார். டைம்கீப்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரிப்போம் என்றார்கள். அவர் போய்த் தேநீர் குடித்தார், இரண்டு சர்க்கரை போட்டு.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் மகளும் முன் இருக்கையில். நான் பின்னால். அக்காவுக்கு ஏணி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு இருந்தது. நான் வாசல்படி ஏறியதும் அக்கா ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"பதினாறு வருஷம் என் கையால சாப்பிட்டிருக்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போலப் போனேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள், ஏணி ஓடப் போயிருந்தாள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து வலது கையால் மூன்றாவது பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார். முதல் இரண்டும் ஓட்டை மாறிப் போயிருந்தது. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"கையை எடு" என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை.

சுவரோரம் நின்றேன். அவர் இரண்டையும் கழற்றி மறுபடி போட்டார். ஐந்தும் முடிய அரைமணி நேரம். இடது மணிக்கட்டை வலது கையால் போட்டுக்கொண்டார். வலது மணிக்கட்டுக்கு இடது விரல்களைக் கொண்டுவந்து பார்த்தார், பிடிக்கவில்லை. பல்லால் கவ்விப் பார்த்தார், எச்சில்தான் பட்டது. ஆறரை பஸ் போகிற சத்தம் கேட்டது. எழுந்து பையை மாட்டினார்.

"பொண்ணு கழுத்து தப்பிச்சுது. அதுக்கு உன்னைக் கும்பிடணும்னாலும் கும்பிடறேன். நாளையிலேர்ந்து நான் சீக்கிரம் எந்திரிச்சுக்கறேன், நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முழு உடம்போடு வாசல் பக்கம் திரும்பிப் போனார்.

இப்போதும் ஒரே பணிமனைதான். டயர் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் கவுன்டர் தெரியும். யாரோ தொலைத்த குடையை அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார், வலது கைச் சட்டை மணிக்கட்டில் பட்டன் போடாமல் விரிந்து தொங்கும். எழுதும்போது மையில் படும், முழங்கையால் தள்ளிவிட்டுக்கொள்வார். ஒரே ஒரு பட்டன், இரண்டு நொடி வேலை. எனக்குத் தரமாட்டார்.